பிளாக்கை மறைப்பது வேறு, எடுத்துவிடுவது வேறு

கேள்வி இதுதான்: நாலு பேர் எழுதும் ஒரு சமையல் தளம், இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுகிறது. பத்தி, படம், பட்டன் என்று பதிவின் ஒவ்வொரு துண்டும் அதில் ஒரு பிளாக். கூடுதல் பிளாக் தரும் ப்ளகின்கள், அதாவது இணைப்பு மென்பொருள்கள், மூன்று போட்டிருக்கிறார்கள். எடிட்டரில் கூட்டல் குறியை அழுத்தினால் பட்டியல் முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. பட்டன் மட்டும் நாலு விதம். ஒருவர் ஒரு கேலரி வைக்கிறார், அடுத்தவர் வேறொன்று. வேண்டாத பிளாக்குகளை அடைத்து வைக்க ஒரு ப்ளகின் போடலாமா, போட்டால் பழைய பதிவுகள் உடைந்துவிடுமா?

போடலாம். பழைய பதிவுகள் வாசகர் கண்ணுக்கு உடையாது. எடிட்டருக்குள் சிக்கல் வருமா என்பது மட்டும் அந்த ப்ளகின் எந்த வழியில் அடைக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைப் புரிந்துகொள்ள, வேர்ட்பிரஸ் பிளாக்குகளை எங்கே வைத்திருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். இது தெரிந்தால் எந்த ப்ளகினைப் பற்றியும் நீங்களே முடிவெடுக்க முடியும்.

2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்து பிளாக் எடிட்டர் வேர்ட்பிரஸ்ஸின் பகுதியாக இருக்கிறது. பிளாக்குகளுக்கென்று டேட்டாபேஸில் தனி அட்டவணை எதுவும் கிடையாது. பதிவின் முழு உள்ளடக்கமும் முன்பு இருந்த அதே ஒற்றைக் கட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கும் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வாசகருக்குத் தெரியாத ஒரு குறிப்பு, ஹெச்டிஎம்எல் கமென்ட், இருக்கும். பிளாக்கின் பெயரும் அதன் செட்டிங்ஸும் அந்தக் கமென்டுக்குள்தான். எடிட்டர் பதிவைத் திறக்கும்போது அந்தப் பெயர்களைப் படித்து, தளத்தின் பிளாக் பதிவேட்டில் அந்தப் பெயரில் ஒரு பிளாக் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அழகாகக் காட்டும். இல்லையென்றால், இந்த பிளாக்குக்கு உங்கள் தளத்தில் ஆதரவு இல்லை என்று ஒரு சாம்பல் பெட்டியைக் காட்டும்.

அடைப்பதற்கு இரண்டு வழிகள் இருப்பதும் இதனால்தான். முதல் வழி, பிளாக்கை அந்தப் பதிவேட்டிலேயே வைத்துக்கொண்டு, கூட்டல் குறிப் பட்டியலில் மட்டும் காட்டாமல் இருப்பது. இதற்கு வேர்ட்பிரஸ் தரும் ஃபில்ட்டரின் (கோட் எழுதி வேர்ட்பிரஸ்ஸின் போக்கை மாற்ற விடும் இடம்) பெயர் 'அலவுட் பிளாக் டைப்ஸ் ஆல்'. 2021 ஜூலையில் வந்த 5.8 முதல் இந்தப் பெயரில் இருக்கிறது. இப்படி அடைத்தால் புதிதாக யாரும் அந்த பிளாக்கைச் சேர்க்க முடியாது. ஆனால் பழைய பதிவில் இருப்பது அப்படியே திறக்கும், அப்படியே திருத்தலாம். இரண்டாவது வழி, எடிட்டர் ஏறும்போது ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அந்த பிளாக்கைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிடுவது. அப்போது பழைய பதிவைத் திறந்தால் அந்தச் சாம்பல் பெட்டிதான்.

பெட்டியைப் பார்த்துப் பதற வேண்டாம். தொடாமல் விட்டுவிட்டு மற்ற இடங்களைத் திருத்திச் சேமித்தால் உள்ளே இருந்தது பத்திரமாக அப்படியே இருக்கும். வாசகர் பார்க்கும் பக்கத்திலும் மாற்றம் இருக்காது, ஏனென்றால் நீக்கியது எடிட்டரில் மட்டும்தான். ஆபத்து எங்கே என்றால், அந்தப் பெட்டியிலேயே ஹெச்டிஎம்எல்லாக மாற்றவும் நீக்கவும் வழி கொடுத்திருக்கிறது. எழுத வந்தவர் ஏதோ கோளாறு என்று நினைத்து அதில் ஒன்றை அழுத்திச் சேமித்தால் பிளாக் போயிற்று. பிறகு ரிவிஷனில், அதாவது பதிவின் பழைய பிரதிகளில், போய்த்தான் எடுக்க வேண்டும்.

நீங்கள் போடப்போகும் ப்ளகின் எந்த வழியைப் பின்பற்றுகிறது என்று அதன் விளம்பரப் பக்கத்தில் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள். நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ஒரு டிராஃப்டில் அந்த பிளாக்கை வைத்துச் சேமியுங்கள், ப்ளகினில் அதை அடையுங்கள், டிராஃப்டைத் திரும்பத் திறங்கள். சாம்பல் பெட்டி வந்தால் இரண்டாவது வழி. உங்கள் தளத்தில் கைவைக்கத் தயக்கமாக இருந்தால் வேர்ட்பிரஸ் ப்ளேகிரவுண்ட் இருக்கிறது. பிரவுசருக்குள்ளேயே ஒரு முழு வேர்ட்பிரஸ் ஓடும், ஹோஸ்டிங் வேண்டாம், வேண்டிய ப்ளகினைப் போட்டுப் பார்த்துவிட்டு மூடிவிடலாம்.

ப்ளகினே இல்லாமல் முடியாதா என்றால், பாதி முடியும். எடிட்டரின் மேல் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியில் ப்ரிஃபரன்சஸ் என்று இருக்கிறது. அதில் பிளாக்ஸ் பகுதிக்குப் போனால் வேண்டாதவற்றின் டிக்கை எடுத்துவிடலாம். 2019இல் வந்த 5.2 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் இது அவரவர் கணக்குக்கு மட்டும். நீங்கள் மறைத்தது மற்ற மூவருக்கும் தெரிந்துகொண்டேதான் இருக்கும். முன்பெல்லாம் இந்தத் தேர்வு பிரவுசருக்குள்ளேயே சேமிக்கப்பட்டது. வீட்டுக் கணினியில் மறைத்தது ஆபீஸ் கணினியில் திரும்ப வந்து நிற்கும். 2022 நவம்பரின் 6.1 முதல் பயனர் கணக்கோடு சேமிக்கிறார்கள். தனியாக எழுதுபவருக்கு இதுவே போதும், ப்ளகின் தேவையில்லை. நாலு பேர் எழுதும் தளத்துக்கு எல்லோருக்கும் பொதுவான ஏற்பாடு வேண்டும் என்பதால் நீங்கள் ப்ளகின் பக்கம் போவது சரிதான்.

போவதற்கு முன் ஒரு வேலை: எந்த பிளாக் எத்தனை பதிவில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கும் ப்ளகின் வேண்டாம். அட்மினில் பதிவுகளின் பட்டியலுக்கு மேலே இருக்கும் தேடல் பெட்டி, பதிவின் உள்ளடக்கத்தையும் சேர்த்துத்தான் தேடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கமென்டுகளும் அதில் அடக்கம். எனவே ஆங்கிலத்தில் டபிள்யூ, பி, ஒரு முக்காற்புள்ளி, பிறகு இடைவெளி விடாமல் பிளாக்கின் பெயரை அடித்தால், அந்த பிளாக் உள்ள பதிவுகள் மட்டும் வந்து நிற்கும். வேர்ட்பிரஸ்ஸின் சொந்த பிளாக் என்றால் வெறும் பெயர் போதும். ப்ளகின் தந்த பிளாக் என்றால் முன்னால் ப்ளகினின் முன்னொட்டும் ஒரு சாய்கோடும் வரும். அந்தச் சரியான பெயர் தெரிய, பிளாக் உள்ள ஏதாவது ஒரு பதிவைக் கோட் எடிட்டரில், அதாவது கமென்டுகளோடு மூலத்தைக் காட்டும் பார்வையில், திறந்து பார்த்தால் போதும். பக்கங்களுக்கும் பேட்டர்ன்களுக்கும் (பிளாக்குகளைச் சேர்த்துச் சேமித்துவைத்த அச்சு) தனித்தனிப் பட்டியல் என்பதால் அங்கேயும் ஒருமுறை தேடுங்கள். விட்ஜெட்டிலும் டெம்ப்ளேட்டிலும் வைத்த பிளாக்குகள் இந்தத் தேடலில் சிக்காது. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒரே பதிவில் இருக்கும் பிளாக் என்றால் அந்தப் பதிவைத் திருத்திவிட்டு நிம்மதியாக அடைக்கலாம்.

இனி ப்ளகின்கள். பிளாக்குகளை அடைப்பது மட்டுமே வேலை என்று வைத்துக்கொண்டிருப்பது பிளாக் மேனேஜர். முன்பு குட்டன்பெர்க் பிளாக் மேனேஜர் என்று பெயர். தளத்தில் பதிவாகியுள்ள எல்லா பிளாக்குகளையும் ஒரே பக்கத்தில் வகைவாரியாகக் காட்டும், சுவிட்சைத் தட்டினால் எல்லோருக்கும் அடைபடும். எடிட்டர் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு பட்டியல், ஆத்தர் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு பட்டியல் என்று பயனரின் பொறுப்புக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் பப்ளிஷ்பிரஸ் பிளாக்ஸ் பொருத்தம். ஒரே வேடிக்கை, பிளாக் அதிகமாகிவிட்டது என்று அதைப் போட்டால் அது தன் பங்குக்குச் சில பிளாக்குகளைக் கொண்டுவரும். முதல் வேலையாக அவற்றை அணைத்துவிடுங்கள். கோட் எழுதத் தெரிந்தவர் கைவசம் இருந்தால் மேலே சொன்ன ஃபில்ட்டரை வைத்துச் சில வரிகளில் இதே காரியத்தை முடித்துத் தருவார். பதிவுக்கு ஒரு பட்டியல், பக்கத்துக்கு இன்னொரு பட்டியல் என்றும் அதில் பிரிக்க முடியும். தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் மட்டும் அதை எழுத வேண்டாம். தீமை மாற்றிய அன்று கட்டுப்பாடும் சேர்ந்து போய்விடும்.

வேண்டாததை அடைப்பதா, வேண்டியதை மட்டும் அனுமதிப்பதா என்று ஒரு கேள்வி எழும். வேர்ட்பிரஸ் அவ்வப்போது புது பிளாக்குகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. 2023 ஆகஸ்டில் 6.3 வந்தபோது டீடெய்ல்ஸ், ஃபுட்நோட்ஸ் இரண்டும் வந்தன. 2025 டிசம்பரின் 6.9இல் அக்கார்டியன் வந்தது. வேண்டாததை மட்டும் அடைத்திருந்தால் இவை தாமாக உள்ளே நுழைந்துவிடும். நாலு பேர் எழுதும் தளத்துக்கு அது பெரிய தொல்லை இல்லை. அனுமதிப் பட்டியல் இன்னும் கறாரானது. ஆனால் அதில்தான் வழுக்கல் அதிகம்.

என்ன வழுக்கல் என்றால், சில பிளாக்குகள் குட்டிகளோடு இருக்கின்றன. லிஸ்ட்டை அனுமதித்துவிட்டு லிஸ்ட் ஐட்டத்தை விட்டுவிட்டால், பொருள்களின் அளவுப் பட்டியலில் ஒரு வரியைக்கூடச் சேர்க்க முடியாது. சமையல் தளத்துக்கு இதைவிட எரிச்சல் வேறு வேண்டுமா? பட்டன்ஸ் என்றால் பட்டனும், காலம்ஸ் என்றால் காலமும் சேர்ந்தே இருக்க வேண்டும். பாராகிராஃபை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. என்ட்டர் தட்டியதும் எடிட்டர் தானாகப் போடுவது அதைத்தான். அனுமதிக்காத பிளாக் ஒன்று உள்ளே இருந்தாலும் அந்த பேட்டர்ன் முழுவதும் பட்டியலிலிருந்து காணாமல் போகும். "நேற்று இருந்த பேட்டர்ன் இன்று எங்கே" என்று யாராவது கேட்டால் முதலில் அங்கே பாருங்கள். யூட்யூப் மாதிரி வெளித்தளங்களிலிருந்து பதிவுக்குள் கொண்டுவந்து காட்டும் எம்பெட்டுகளும் தனி பிளாக்குகள் அல்ல. 2020 டிசம்பரின் 5.6 முதல் அவை எம்பெட் என்ற ஒரே பிளாக்கின் வடிவங்கள். யூட்யூப் மட்டும் வேண்டும், மற்றது வேண்டாம் என்றால் பிளாக் பெயரை வைத்து அடைப்பது உதவாது. அந்த வடிவங்களைத் தனியாக நீக்க வேண்டும்.

இதுவரை சொன்னது பட்டியலைச் சுருக்கும் வேலை. உங்கள் கேள்வியில் என் கண்ணை உறுத்தியது வேறு: பிளாக் தரும் ப்ளகின்கள் மூன்று. எந்த ப்ளகினைப் போடுமுன்னும் அது எங்கே எழுதுகிறது என்று நான் பார்ப்பேன். பிளாக் மேனேஜர் மாதிரியான ப்ளகின் தன் தேர்வுகளைத் தளத்தின் செட்டிங்ஸில் எழுதுகிறது. நாளை அதைக் கழற்றினால் அடைத்தவை திறந்துகொள்ளும், அவ்வளவுதான். பிளாக் தரும் ப்ளகினோ உங்கள் பதிவுகளுக்குள் எழுதுகிறது. நூறு பதிவில் அதன் கேலரியை வைத்தால் நூறு பதிவிலும் அதன் பெயர் இருக்கும். அடைக்கும் ப்ளகினைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் யோசித்துவிட்டு, பிளாக் தரும் ப்ளகினை ஒரே கிளிக்கில் போடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். வாடகைக்கு வீடு பார்க்க அலையாய் அலைந்துவிட்டு, சொந்த வீட்டைப் பார்க்காமலே வாங்குவது போல.

அதைக் கழற்றினால் என்ன ஆகும் என்பது பிளாக்கின் வகையைப் பொறுத்தது. சில பிளாக்குகள் சேமிக்கும்போதே முழு ஹெச்டிஎம்எல்லையும் பதிவுக்குள் எழுதிவிடும். ப்ளகின் போனாலும் எழுத்தும் படமும் நிற்கும், அலங்காரம் மட்டும் போகும். வேறு சில, செட்டிங்ஸை மட்டும் எழுதிவைத்துவிட்டு, பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் சர்வரில் புதிதாக உருவாகும். ப்ளகின் போனால் அந்த இடம் வெறுமையாகிவிடும். ரெசிபி கார்டு பிளாக் ஏதாவது வைத்திருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். முதல் வகைக்கும் ஒரு தலைவலி உண்டு. ப்ளகின் எழுதியவர்கள் ஒரு அப்டேட்டில் உள்ளே ஹெச்டிஎம்எல்லின் அமைப்பை மாற்றி, பழைய அமைப்பைச் சமாளிக்க வழி செய்யாமல் விட்டால், பதிவைத் திறக்கும்போது எதிர்பாராத உள்ளடக்கம் இருக்கிறது என்று எடிட்டர் முரண்டு பிடிக்கும். மீட்டெடுக்கும் பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும். நூறு பதிவிலும் நூறு முறை அழுத்த வேண்டியிருக்கும் என்பதுதான் வருத்தம்.

ஆகவே மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மெல்ல விடுங்கள். விடப்போகும் இரண்டின் பிளாக்குகளையும் இன்றே அடைத்துவிட்டால் புதுப் பதிவில் அவை சேராது. பிறகு மேலே சொன்ன தேடலை வைத்துப் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக வேர்ட்பிரஸ்ஸின் சொந்த பிளாக்குக்கு மாற்றலாம். பட்டியல் காலியான பிறகுதான் ப்ளகினைக் கழற்ற வேண்டும். இந்த இடைக்காலத்துக்கு முதல் வழியில் அடைக்கும் ப்ளகின்தான் தோது. இரண்டாவது வழியில் அடைத்தால், மாற்ற வேண்டிய பிளாக் ஒவ்வொன்றும் சாம்பல் பெட்டியாக நிற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

ஆளுக்கொரு பட்டன் வைக்கிறார்கள் என்ற குறைக்கு அடைப்பதைவிட பேட்டர்ன் நல்ல மருந்து. உங்கள் தளத்தின் சமையல் பதிவு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி ஒன்றைச் செய்து, அதையே பேட்டர்னாகச் சேமித்துக் கொடுத்தால் யாரும் பிளாக் தேடிப் போகவே மாட்டார்கள். சேமிக்கும்போது சிங்க்ட் என்று ஒரு தேர்வு வரும். அதைப் போட்டால் ஒரு இடத்தில் திருத்தியது எல்லா இடத்திலும் மாறும். முன்பு ரீயூசபிள் பிளாக் என்று இருந்ததுதான் 6.3இல் இந்தப் பெயருக்கு மாறியது. 'ஒரு கப் என்றால் 200 மில்லி' மாதிரி எல்லாப் பதிவிலும் வரும் குறிப்புக்கு சிங்க்ட் சரி. பதிவின் எலும்புக்கூட்டுக்கு அது கூடவே கூடாது. ஒருவர் ரசத்துக்குப் புளியின் அளவை மாற்றினால் கேசரியிலும் அது போய் உட்காரும். 2024 ஜூலையின் 6.6 முதல், சிங்க்ட் பேட்டர்னுக்குள்ளேயே குறிப்பிட்ட தலைப்பையோ பத்தியையோ படத்தையோ பட்டனையோ மட்டும் பதிவுக்குப் பதிவு மாற்றிக்கொள்ள விடலாம். கொஞ்சம் பழக வேண்டும், ஆனால் நல்ல வசதி. அசையக் கூடாத பிளாக்குக்கு அதன் மூன்று புள்ளியில் லாக் இருக்கிறது. பூட்டியவரே திறக்க வேண்டும் என்பதில்லை, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். கை தவறி நீக்காமல் இருக்கத்தான் அது.

இன்னொரு வகை ப்ளகின் இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகிறது. பிளாக் விசிபிலிட்டி என்பது எழுதுபவரிடமிருந்து மறைப்பதல்ல, வாசகரிடமிருந்து மறைப்பது. பொங்கல் வாரத்தில் மட்டும் ஒரு அறிவிப்பு தெரியவேண்டும், உள்நுழைந்தவருக்கு மட்டும் ஒரு பகுதி தெரியவேண்டும் என்றால் அது. ஒரு பிளாக்கை எல்லோரிடமிருந்தும் சும்மா மறைத்துவைக்க மட்டும் என்றால் 6.9இலிருந்து வேர்ட்பிரஸ்ஸிலேயே வழி இருக்கிறது. இந்த ப்ளகின் எங்கே எழுதுகிறது என்று பாருங்கள்: நிபந்தனைகள் பதிவுக்குள், பிளாக்கின் கமென்டுக்குள்ளேயே போகின்றன. ப்ளகினைக் கழற்றினால் அந்த நிபந்தனையைப் படிக்க ஆள் இருக்காது. போன வருடம் முடிந்த தீபாவளி அறிவிப்பு உட்பட எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்து நிற்கும். பக்கங்களின் நகலை வைத்துக்கொண்டு வேகமாகக் காட்டும் கேஷ் ப்ளகின் போட்டிருந்தால் குறித்த நேரத்துக்கு அறிவிப்பு மாறாமல் பழைய பக்கமே தெரியக்கூடும். போனில் மட்டும் மறைத்த பிளாக் ஸ்டைலால் மறைக்கப்பட்டதுதான், பக்கத்தின் மூலத்தில் இருக்கவே இருக்கும்.

பிளாக்கை அடைத்தால் தளம் வேகமாகுமா என்று அடுத்து கேட்பீர்கள். ஆகாது. அடைபட்டது பட்டியல் மட்டும். அந்த ப்ளகின் தன் ஸ்டைலையும் ஸ்கிரிப்டையும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கும். அதைக் குறைக்க அந்தந்த ப்ளகினின் சொந்த செட்டிங்ஸில் பிளாக்கை அணைக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைப்பதைப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். முதல் வழியில் அடைத்த பிளாக்கைக் கோட் எடிட்டருக்குப் போய் ஒட்டினால் அது பாட்டுக்கு வேலை செய்யும். யார் ஸ்கிரிப்ட் போடலாம், யார் போடக்கூடாது என்பதை முடிவு செய்வது பயனரின் பொறுப்பு நிலை. சாதாரண ஒற்றைத் தளத்தில் அட்மின் பொறுப்பிலும் எடிட்டர் பொறுப்பிலும் இருப்பவர்கள் போடலாம். ஆத்தர் போட்டால் சேமிக்கும்போதே வேர்ட்பிரஸ் அதை வெட்டிவிடும். கஸ்டம் ஹெச்டிஎம்எல் பிளாக்கை அடைப்பதைவிட, எழுதுபவர் மூவருக்கும் ஆத்தர் பொறுப்பு மட்டும் கொடுத்திருக்கிறீர்களா என்று பார்ப்பது முக்கியம்.

அடைத்து முடித்த பிறகு மற்ற மூவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வெற்று வரியில் சாய்கோடு போட்டு பிளாக்கின் பெயரை அடித்துச் சேர்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, அடைத்த பிளாக் வராதபோது எடிட்டர் கெட்டுவிட்டது என்றே தோன்றும். எடிட்டர் ஆங்கிலத்தில் இருந்தால் அந்தப் பெயரை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும், தமிழ் விசைப்பலகையிலிருந்து மாறாமல் அடித்தால் அனுமதித்த பிளாக்கும் வராது. எதை அடைத்தீர்கள், அதற்குப் பதில் எதைப் பயன்படுத்த வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் போதும்.